பூனைக்குச் சுகர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பூனைகளின் சர்க்கரை நோய் பற்றி வந்த கேள்விகளில், பலரும் கேட்டவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம். ரத்தச் சர்க்கரை அளவுகள் எல்லாம் மி.கி./டெ.லி. (100 மில்லி ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம்) கணக்கில். டோஸை மாற்றும் முடிவு உங்கள் கால்நடை மருத்துவருடையது. அவரிடம் என்ன கேட்பது, வீட்டில் எதைக் கவனிப்பது என்பதற்குத்தான் இந்தப் பக்கம்.

கே: கருத்தடை செய்த ஆண் பூனை, எட்டு வயது, ஆறரைக் கிலோ. தண்ணீர்க் கிண்ணமே கதி என்று கிடக்கிறது. டாக்டரிடம் ஒரு தடவை ரத்தம் எடுத்ததில் 310. ஒரே ஒரு ரீடிங்கை வைத்து இன்சுலின் ஊசியை ஆரம்பிக்கலாமா?

ப: 310 என்ற எண்ணை மட்டும் வைத்து ஆரம்பிக்கக் கூடாது. கூடையில் அடைத்து, வண்டியில் ஏற்றி, நாய் குரைக்கும் வரவேற்பறையில் காக்கவைத்தால் நோயில்லாத பூனைக்கும் 300 தாண்டும். பயத்தில் ஏறும் இந்தச் சர்க்கரை சில மணி நேரத்தில் தானாக இறங்கிவிடும்.

இதைப் பிரித்தறிய இரண்டு வழி உண்டு. ஒன்று, ஃப்ரக்டோசமைன் என்ற ரத்தப் பரிசோதனை. கடந்த ஒன்றிரண்டு வாரத்தின் சராசரியை அது சொல்லும். அன்றைய பயம் அதைப் பெரிதாக அசைக்காது. மற்றது, வீட்டில் எடுத்த சிறுநீர். ரத்தத்தில் சுமார் 250 முதல் 290 வரை தாண்டினால்தான் பூனையின் சிறுநீரில் சர்க்கரை இறங்கும். வீட்டில் சாதாரணமாக இருக்கும்போதே சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதென்றால் நோய் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

தண்ணீரையும் அளந்துவிடுங்கள். காலையில் அளந்து ஊற்றி மறுநாள் காலை மிச்சத்தை அளந்தால் போதும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 மில்லியைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். உங்கள் பூனைக்கு அது 325 மில்லி. சிறுநீரகக் கோளாறும் தைராய்டு மிகைப்பும்கூட இதே தாகத்தைக் கொடுக்கும் என்பதால், அவற்றுக்கான சோதனையையும் அதே ரத்தத்தில் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அரிப்புக்கோ வாய்ப்புண்ணுக்கோ சமீபத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால், மறக்காமல் சொல்லுங்கள். அதுவே சர்க்கரையைக் கிளப்பிவிட்டிருக்கலாம்.

கே: மனிதர்களுக்கு மாத்திரை இருக்கும்போது பூனைக்கு மட்டும் ஏன் ஊசி?

ப: பூனைக்கும் வந்துவிட்டது. பெக்ஸாகிளிஃப்ளோசின் மாத்திரைக்கு 2022 டிசம்பரிலும், வெலாகிளிஃப்ளோசின் என்ற வாய்வழித் திரவத்துக்கு 2023இலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது. இரண்டும் தினம் ஒரு வேளைதான். சிறுநீரகம் சர்க்கரையைத் திருப்பி உறிஞ்சாமல் தடுத்து, சிறுநீரிலேயே வெளியேற்றிவிடும்.

ஆனால் எல்லாப் பூனைக்கும் இது ஆகாது. உடம்பில் கொஞ்சமாவது சொந்த இன்சுலின் சுரக்க வேண்டும். ஏற்கெனவே இன்சுலினில் இருந்த பூனைக்குக் கொடுக்கக் கூடாது. கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் சேரும் அமிலப் பொருள்), கல்லீரல், சிறுநீரகம், கணையம் எல்லாம் பார்த்த பிறகே தொடங்குவார்கள். இந்த மருந்தில் ரத்தச் சர்க்கரை சரியாக இருப்பதாகக் காட்டும்போதே கீட்டோன் ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம். பூனை சாப்பிடாமல், சோர்ந்து படுத்தால் “சுகர் நார்மல்தானே” என்று இருந்துவிடாதீர்கள். அன்றே கீட்டோன் பார்க்க வேண்டும். வீட்டுப் பெரியவர்களின் சர்க்கரை மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் யோசனை இருந்தால், வேண்டவே வேண்டாம்.

கே: பழைய சிரிஞ்சு தீர்ந்துவிட்டது, கடையில் வேறு கொடுத்தார்கள். அதிலும் 1 என்ற கோடு இருக்கிறது. அதே டோஸ்தானே?

ப: இல்லை. பூனைக்குத் தவறான டோஸ் போய்ச் சேர்வது பெரும்பாலும் இந்த வழியாகத்தான், அதனால் இதை விரிவாகவே சொல்கிறோம்.

குப்பியின் மேல் யு-40 அல்லது யு-100 என்று இருக்கும். ஒரு மில்லியில் 40 யூனிட்டா, 100 யூனிட்டா என்பதே அது. புரோசிங்க், கேனின்சுலின் போன்ற கால்நடை இன்சுலின்கள் யு-40. பூனைகளுக்கு அதிகம் எழுதப்படும் கிளார்ஜின் வழக்கமாக யு-100. சிரிஞ்சின் கோடுகளும் இந்தக் கணக்குப்படியே போடப்பட்டவை. யு-40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடியும் யு-100 சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடியும் வழக்கம். என்றாலும் மூடியை நம்பாமல் சிரிஞ்சின் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள்.

யு-100 மருந்தை யு-40 சிரிஞ்சில் 1 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். ஒரு யூனிட் எழுதிய பூனையை அது மயக்கத்தில் கொண்டுபோய் விடும். மாற்றிச் செய்தால், அதாவது யு-40 மருந்தை யு-100 சிரிஞ்சில் 1 கோடு வரை எடுத்தால், போவது 0.4 யூனிட்தான், சர்க்கரை இறங்கவே இறங்காது, “மருந்து வேலை செய்யவில்லை” என்று டோஸை ஏற்றுவார்கள். பிறகு ஒரு நாள் சரியான சிரிஞ்சு கைக்கு வரும், அன்று விபரீதம். எப்போதும் மருந்தும் சிரிஞ்சும் ஒரே எண்ணில் இருக்கட்டும்.

பூனையின் டோஸ் எவ்வளவு சிறியது என்பதையும் பாருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறக்குறைய 0.05 மில்லி. யு-100 மருந்தில் ஒரு யூனிட் என்பது 0.01 மில்லி, அந்தச் சொட்டில் ஐந்தில் ஒரு பங்கு. சிரிஞ்சில் கடுகளவு காற்றுக் குமிழி நின்றாலே பாதி மருந்து காணாமல் போகும். குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, தேவையைவிட நாலைந்து யூனிட் அதிகம் இழுத்து, விரலால் சுண்டிக் குமிழியை மேலே ஏற்றி, உபரியைக் குப்பிக்குள்ளேயே தள்ளி, கோட்டில் நிறுத்துங்கள். அரை யூனிட் கோடு உள்ள 0.3 மில்லி சிரிஞ்சு கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

கிளார்ஜின் தெளிந்த நீர் போல் இருக்க வேண்டும். கலங்கினால் தூக்கிப் போடுங்கள், எதையும் கலந்து நீர்க்கச் செய்யாதீர்கள். புரோசிங்க் கலங்கல் மருந்து, உள்ளங்கைகளுக்கு இடையே மெதுவாக உருட்ட வேண்டும். கேனின்சுலினைப் பால் போல ஒரே சீராகும்வரை குலுக்கச் சொல்கிறது அதன் குறிப்பேடு. ஒன்றுக்குச் சொன்னதை இன்னொன்றுக்குச் செய்யாதீர்கள். உறைந்துபோன இன்சுலின் எதுவானாலும் குப்பைக்குத்தான். ஃபிரிட்ஜின் ஐஸ் அறைக்கு ஒட்டிய தட்டில் வைக்காமல் கதவுப் பக்கம் வையுங்கள்.

கே: ஊசியை எங்கே போடுவது? நேற்று போட்டுவிட்டுப் பார்த்தால் முடி ஈரமாக இருந்தது. திரும்பப் போடலாமா?

ப: திரும்பப் போடாதீர்கள். எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. ஒரு வேளை குறைந்தால் சர்க்கரை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். இரட்டை டோஸ் போனால் உயிர்ப் பிரச்சினை. அடுத்த வேளைக்கு வழக்கமான டோஸ்.

பிடரியில் போடுவதே பலருக்கும் பழக்கம். ஆனால் அங்கே தோல் தடிமன், மருந்து சீராக உறிஞ்சப்படுவதில்லை. விலாப்பக்கம், வயிற்றின் பக்கவாட்டு, தொடைக்கு முன்னால் உள்ள மடிப்பு இவை மேல். தினமும் ஒரே புள்ளியில் குத்தாமல் இடது வலது என்று மாற்றுங்கள். தோலைக் கூடாரம் போலத் தூக்கினால் கீழே ஒரு சிறு பள்ளம் தெரியும். ஊசியின் சாய்வான முனை மேலே பார்க்க, உடலுக்கு ஏறக்குறைய இணையாக அந்தப் பள்ளத்தில் செலுத்துங்கள். மேலே தூக்கிப் பிடித்த மடிப்பின் குறுக்கே குத்தினால் ஊசி மறுபக்கம் வந்து, மருந்து முடியில் போகும். உங்களுக்கு நடந்தது அநேகமாக அதுதான். நீளமுடிப் பூனைக்கு ஊசி போடும் இடத்தில் முடியைக் கத்தரித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியும். ஸ்பிரிட் தடவ வேண்டாம். அந்த வாடைக்கே பூனை ஓடிவிடும்.

கே: “குறைந்த மாவுச்சத்து உணவு கொடுங்கள்” என்கிறார்கள். பாக்கெட்டில் மாவுச்சத்து எவ்வளவு என்றே போடவில்லையே?

ப: போட மாட்டார்கள், நாமே கணக்குப் போட வேண்டியதுதான். புரதம், கொழுப்பு, நார், சாம்பல் (உணவை எரித்தால் மிஞ்சும் தாது உப்பு), ஈரப்பதம் ஐந்தையும் கூட்டி 100இல் கழித்தால் மிஞ்சுவது மாவுச்சத்து. சாம்பல் அளவு இல்லையென்றால் ஈர உணவுக்கு 2, உலர் உணவுக்கு 7 என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு ஈர உணவில் புரதம் 11, கொழுப்பு 6, நார் 0.5, சாம்பல் 2, ஈரம் 78 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 2.5. இனி கலோரி: புரதத்தையும் மாவையும் 3.5ஆலும் கொழுப்பை 8.5ஆலும் பெருக்குங்கள். 38.5, 8.75, 51, கூட்டினால் 98. அதில் மாவிலிருந்து வருவது 9 சதவீதம். இது சரியான உணவு. ஓர் உலர் உணவில் புரதம் 32, கொழுப்பு 14, நார் 4, சாம்பல் 7, ஈரம் 8 என்றால் மாவு 35. கலோரியில் அதன் பங்கு 35 சதவீதம். கலோரியில் 10 முதல் 12 சதவீதத்துக்குள் என்பதே இலக்கு. “தானியம் இல்லாதது” என்ற முத்திரையைப் பார்த்து ஏமாறாதீர்கள். தானியத்துக்குப் பதில் உருளைக்கிழங்கும் பட்டாணியும் போட்டிருப்பார்கள். கெட்டியான குழம்பில் மிதக்கும் பவுச்சுகளிலும் மாவு ஒளிந்திருக்கும். கூழ் போல அரைத்த வகை பெரும்பாலும் மேல்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. இன்சுலின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரே நாளில் உலர் உணவை நிறுத்தி ஈர உணவுக்கு மாற்றாதீர்கள். மாவு குறைந்ததும் இன்சுலின் தேவை சட்டென்று விழும். பழைய டோஸ் மிகையாகிவிடும். டாக்டரிடம் சொல்லி, டோஸைக் குறைத்து, தினமும் சர்க்கரை பார்த்துக்கொண்டே ஒரு வாரம் பத்து நாளில் மாற்றுங்கள். புதிய உணவைத் தொடாத பூனையைப் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரலாம் என்றும் நினைக்காதீர்கள். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு படிந்து அது தனி நோயாகும்.

எடை குறைப்பதும் மெதுவாகத்தான்: வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம். ஆறரைக் கிலோ பூனைக்கு அது 33 முதல் 65 கிராம். குழந்தைகளை நிறுக்கும் எடை இயந்திரம் இல்லாமல் இது தெரியாது.

கே: கடை உணவே வேண்டாம், வேகவைத்த கோழி மட்டும் கொடுத்தால்?

ப: மாவு பூஜ்யம், உண்மைதான். ஆனால் கால்சியம் இல்லை, வைட்டமின்கள் போதாது, வேகவைத்த தண்ணீரோடு டாரின் என்ற அமினோ அமிலமும் போய்விடும். டாரின் குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசை தளரும். இதயக் கோளாறுக்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பு 1987இல் தெரிய வந்த பிறகே பூனை உணவுகளில் டாரினைக் கூட்டிச் சேர்த்தார்கள். இடையில் ஒரு துண்டு கோழி தின்பண்டமாகக் கொடுங்கள், தப்பில்லை. முழுச் சாப்பாடாக வேண்டுமானால் கால்நடை ஊட்டச்சத்து நிபுணர் எழுதிக்கொடுத்த அளவில் மட்டுமே.

கே: ஒரு யூனிட்டில் ஆரம்பித்து ஆறு யூனிட் வரை ஏற்றியும் காலையில் 400. எங்கே தவறு?

ப: காலை ரீடிங்கை மட்டும் பார்த்து ஏற்றியதாக இருக்கலாம். ஊசிக்கு முந்தைய அளவு என்பது மருந்தின் வேகம் ஓய்ந்த நேரத்து அளவு. நடுவில் எவ்வளவு இறங்கியது என்று பார்க்காமல் டோஸை மாற்றுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான். மிகையான டோஸில் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போய், உடம்பு பதறி அதை 400க்குத் தூக்கியிருக்கவும்கூடும். அப்படியானால் தேவை குறைப்பு.

வீட்டிலேயே ஒரு நாள் வரைபடம் போடுங்கள். ஊசிக்கு முன் ஒன்று, பிறகு 2 மணி நேரத்துக்கு ஒன்றாக 12 மணி நேரம். மிகத் தாழ்ந்த புள்ளி 80க்கும் 150க்கும் இடையே விழுந்தால் டோஸ் பொருத்தம். ரத்தம் எடுக்கக் காதின் ஓரம் சரியான இடம். வெதுவெதுப்பான துணியை அரை நிமிடம் ஒற்றி, பின்னால் பஞ்சை அணைத்து, ஓரத்து ரத்தநாளத்தை ஒட்டிக் குத்துங்கள். முன்கூட்டியே துளி வாசலின் பூசினால் ரத்தம் முடியில் பரவாமல் முத்தாக நிற்கும்.

மனிதர் குளுக்கோமீட்டர் பூனைக்குச் சற்றுக் குறைத்தே காட்டும். நம் ரத்தத்தில் குளுக்கோஸ் சிவப்பணுக்களிலும் கணிசமாக இருக்கிறது. பூனைக்கு ஏறக்குறைய எல்லாமே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில். எந்த மீட்டரானாலும் அதையே தொடருங்கள். இரண்டு மீட்டரை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். டோஸை மாற்றினால் கால் அல்லது அரை யூனிட்டாக மாற்றி, ஐந்தாறு நாளாவது பொறுக்க வேண்டும்.

ஊசி போடும் முறை, மருந்தின் நிலை, மற்றப் பூனையின் தட்டில் திருட்டுச் சாப்பாடு மூன்றையும் முதலில் சரிபாருங்கள். பிறகு பல், சிறுநீர்த் தொற்று, கணைய அழற்சி. எல்லாம் சரி, கிலோவுக்கு 1.5 யூனிட்டைத் தாண்டியும் இறங்கவில்லை, சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோதும் எடை ஏறுகிறது, முகமும் பாதமும் பெருத்திருக்கிறது என்றால் அக்ரோமெகலி: மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் வரும் கட்டியால் வளர்ச்சி ஹார்மோன் மிகுவது. ஐ.ஜி.எஃப்-1 (வளர்ச்சி ஹார்மோன் மிகுந்தால் ரத்தத்தில் ஏறும் பொருள்) ரத்தப் பரிசோதனை கேளுங்கள். இன்சுலின் தொடங்கிய புதிதில் அது பொய்யாகக் குறைந்து தெரியும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்துச் செய்வது நல்லது.

கே: லோ சுகர் ஆனால் எப்படித் தெரியும்? தேன் ஊட்டலாமா?

ப: திடீர்ப் பசி, தள்ளாட்டம், விரிந்த கண்மணி, சுவரை வெறிப்பது, வழக்கமில்லாத குரலில் கத்துவது, பிறகு வலிப்பு. சில பூனைகள் எதுவும் காட்டாமல் மூலையில் ஒளிந்துகொள்ளும். மீட்டர் 60க்குக் கீழே காட்டினால் அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். அறிகுறி இருந்து மீட்டர் கையில் இல்லையென்றால் அளவுக்காகவும் காத்திருக்காதீர்கள்.

தானாகத் தின்னும் நிலையில் இருந்தால் சாப்பாடு வையுங்கள். மாவுள்ள அந்தப் பழைய உலர் உணவு இப்போது உதவும். தின்னாவிட்டால் தேனோ, குளுக்கோஸ் பொடியைக் குழைத்த பாகோ அரை டீஸ்பூன் எடுத்து ஈறிலும் கன்னத்தின் உட்புறமும் தேய்த்துவிடுங்கள். தொண்டைக்குள் ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கும். வலிப்பு வந்திருந்தால் பற்களுக்கு இடையே விரல் போகக் கூடாது. உதட்டை ஒதுக்கி ஈறில் தடவியபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். 15 நிமிடத்தில் திரும்ப அளக்க வேண்டும். தேன் ஏற்றிய சர்க்கரை சீக்கிரம் வடிந்துவிடும், கிளார்ஜின் இன்னும் பல மணி நேரம் வேலை செய்யும். அதனால் ஒரு தடவை 120 காட்டியதும் தூங்கப் போய்விடாதீர்கள். அடுத்த ஊசி டாக்டரிடம் பேசிய பிறகே.

கே: இன்று காலை சாப்பிடவில்லை. ஊசி போடுவதா, வேண்டாமா?

ப: முதலில் சர்க்கரையைப் பாருங்கள். தொடக்க மாதங்களில் 200க்குக் கீழே இருந்தால் டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம். உயர்வாக இருந்து, பூனை சுறுசுறுப்பாகவும் இருந்தால் பாதி டோஸ் என்று பல மருத்துவர்கள் சொல்வார்கள். உங்கள் டாக்டரிடம் இந்த நிலைக்கான அளவை முன்பே எழுதி வாங்கி வையுங்கள். சாப்பிடாமையோடு வாந்தியும் சோர்வும் சேர்ந்தால் கீட்டோன் சோதனை. சிறுநீர் ஸ்ட்ரிப்பில் நிறம் மாறினால் அது அவசர சிகிச்சை, நாளைவரை தாங்காது.

கே: பின்னங்கால் முட்டி தரையில் பட நடக்கிறது. எலும்பு முறிவா?

ப: நரம்புப் பாதிப்பு. அதிகச் சர்க்கரையால் வருவது. கட்டுக்குள் வந்தால் சில மாதங்களில் பல பூனைகள் நிமிர்ந்து நடக்கும்.

கே: வாழ்நாள் முழுக்க ஊசிதானா?

ப: கட்டாயமில்லை. பூனையின் நோய் மனிதர்களின் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயைப் போன்றது. தொடர்ந்து ஏறி நிற்கும் சர்க்கரையே கணையச் செல்களை நசுக்குகிறது. அதைச் சீக்கிரம் இறக்கினால் மிஞ்சிய செல்கள் திரும்ப வேலைக்கு வரும். கண்டுபிடித்த முதல் சில மாதங்களுக்குள் இன்சுலினையும் குறைந்த மாவு உணவையும் சேர்த்துத் தொடங்கிய பூனைகளுக்கு வாய்ப்பு அதிகம்.

அந்தக் கட்டம் வருகிறது என்பதை அளவுகள்தான் சொல்லும். டோஸ் மாற்றாமலேயே தாழ்ந்த புள்ளி 80ஐத் தொடும், ஊசிக்கு முந்தைய அளவும் இறங்கும். அப்போது கால், அரை யூனிட்டாகக் குறைத்து, அரை யூனிட் ஒரு வேளை என்று கொண்டுவந்து, பிறகு நிறுத்துவார்கள். ஊசி இல்லாமல் நான்கு வாரம் சர்க்கரை சாதாரணமாக நின்றால் விடுதலை என்று கணக்கு.

நோய் திரும்பி வரும் பூனைகளும் உண்டு. அதனால் உலர் உணவுக்குத் திரும்பாதீர்கள், வாரம் ஒரு தடவை எடை, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை சர்க்கரை. மருத்துவக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் “ஸ்டீராய்டு கூடாது, கேட்டுவிட்டுப் போடவும்” என்று பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். வேறு டாக்டர் பார்க்கும் நாளில் அதுதான் உதவும்.